நூடில்ஸ் சட்டியின் மேல் விழும் பழி

மலையகத்துப் பிள்ளைகளின் உடல் நலிவைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், கருத்தரங்கானாலும் பாடசாலைப் பெற்றோர் கூட்டமானாலும், பத்து நிமிடத்துக்குள் நூடில்ஸ் பக்கற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். முன்பெல்லாம் தாய்மார் ரொட்டி தட்டினார்கள், கீரை கடைந்தார்கள். இப்போது தண்ணீரைக் கொதிக்கவைத்து நூடில்ஸை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம். படித்தவர்களும் சொல்கிறார்கள், தோட்டத்திலிருந்து படித்து மேலே வந்த நம்மவர்களும் சொல்கிறார்கள். மலைநாட்டு ஊரான புசல்லாவையைச் சுற்றியுள்ள தோட்டங்களைப் பற்றியும் இதே பேச்சுத்தான். திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதால் உண்மை போலவே ஆகிவிட்ட இந்தக் கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். மாலை ஆறரை மணிக்குத் தொழிலாளர் லயத்து அடுப்பில் முட்டையும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் சேர்ந்து வேகும் நூடில்ஸ் சூப் ஒரு முழுமையான இராச்சாப்பாடு. அதைச் சமைக்கிறவள் சோம்பேறியும் இல்லை, அறியாதவளும் இல்லை. தன் கைக்கு எட்டுகிற காசு, நேரம், விறகு மூன்றையும் கணக்குப் பார்த்து, பிள்ளையின் வயிற்றுக்கு எது போகும் என்று முடிவெடுத்தவள் அவள்.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவாய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது ஏறத்தாழ 32 விழுக்காடு. நாட்டின் சராசரியைப்போல் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. இந்த எண்ணைக் காட்டித்தான் நூடில்ஸின் மேல் வழக்குப் போடுகிறார்கள். ஆனால் தோட்டத்துப் பிள்ளை குட்டையாகவும் எடை குறைவாகவும் இருப்பது நூடில்ஸ் பக்கற் தோட்டத்துக் கடைக்கு வந்த பிறகு தொடங்கிய கதை இல்லை. 1987இல் எடுத்த அதே வகை அளவாய்வில் தோட்டங்களின் நிலை 2016ஐ விட மிகவும் மோசமாக இருந்தது. அதற்கும் முன்னால், 1973, 74ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில், பங்கீட்டுக் கூப்பன் அரிசியும் மாவும் வெட்டுப்பட்டுத் தோட்டத்துச் சனம் பசியால் செத்தது. அப்போது எந்த லயத்திலும் நூடில்ஸ் இருக்கவில்லை. பக்கற் நூடில்ஸ் மலையெங்கும் பரவிய பல ஆண்டுகளில் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் விகிதம் கூடவில்லை, குறைந்துதான் வந்திருக்கிறது. நூடில்ஸால் குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நானும் அவர்கள் செய்யும் அதே பிழையைச் செய்தவனாவேன். மருத்துவ வசதியும் கல்வியும் நீர்வசதியும் கூடியதால் குறைந்திருக்கும். ஆனால் நோய்க்குக் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக் காட்டுகிறவர், அந்தக் காரணம் பிறப்பதற்கு முன்பே நோய் இருந்ததை விளக்கியாக வேண்டும். இரத்தச்சோகையோடு கொழுந்து பறிக்கப் போகும் கர்ப்பிணியின் வயிற்றிலேயே பிள்ளையின் எடை குறையத் தொடங்கிவிடுகிறது. பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு எவரும் நூடில்ஸ் ஊட்டுவதில்லை.

அடுத்து, ரொட்டியின் பெருமை. கோதுமை மா ரொட்டி நம் பாரம்பரிய உணவு என்றும் நூடில்ஸ் அதைத் துரத்திவிட்டது என்றும் சொல்கிறவர்கள், ரொட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்ப்பதில்லை. இந்த மண்ணில் ஒரு கதிர் கோதுமைகூட விளைவதில்லை. கப்பலில் வந்து, கூப்பனில் அளந்து, தோட்டச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட மாவுதான் நம் அம்மாக்களின் கையில் ரொட்டியானது. 1980இலிருந்து திருகோணமலையில் பிரீமா ஆலை அரைத்துத் தரும் அதே வகை வெள்ளை மாவுதான் ரொட்டிக்கும் பாணுக்கும் நூடில்ஸுக்கும் மூலம். கோதுமைப் புரதத்தில் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு. அது குறைந்தால் வளரும் பிள்ளையின் உடல் மற்றப் புரதத்தையும் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளாது. இந்தக் குறை நூடில்ஸுக்கு எவ்வளவு உண்டோ ரொட்டிக்கும் அவ்வளவே உண்டு. வட்டமாகத் தட்டினால் மரபு, நூலாக இழுத்தால் கேடு என்று ஒரே மாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மாவோடு சேர்ந்து என்ன போகிறது? ரொட்டியோடு பெரும்பாலும் தேங்காய்ச் சம்பல் போகிறது. தேங்காய் விலை ஏறினால் மிளகாயும் வெங்காயமும் உப்பும் இடித்த சம்பல் மட்டும் போகிறது. சூப் சட்டியிலோ முட்டை போகிறது, மரக்கறி போகிறது.

அந்தச் சட்டிக்குள் நடப்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், அடுப்பில் ஒரு கரண்டி எண்ணெய். அதில் தட்டிய பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, அரிந்த வெங்காயம். வாசம் கிளம்பியதும் மெல்லிய வில்லையாக வெட்டிய கரட்டைப் போட்டு ஒரு நிமிடம் வதக்குகிறாள். கரட்டின் செம்மஞ்சள் நிறம் எண்ணெயில் இறங்குகிறது. அந்த நிறம்தான் பின்னால் உடலில் வைற்றமின் ஏ ஆகிறது. கொழுப்போடு சேர்ந்தால்தான் குடல் அதை உறிஞ்சும். பச்சைக் கரட்டைக் கடித்துத் தின்னும் பிள்ளையைவிட எண்ணெயில் வதங்கி முட்டை மஞ்சட்கருவோடு கலந்த கரட்டை உண்ணும் பிள்ளைக்கு அது கூடுதலாகச் சேரும். பிறகு ஐந்து கோப்பைத் தண்ணீர். கொதி வந்ததும் கோவாவும் நறுக்கிய போஞ்சியும். அவை அரைவேக்காடானதும் இரண்டு பக்கற் நூடில்ஸ். மூன்று முட்டையை ஒரு கோப்பையில் உடைத்து முள்ளுக்கரண்டியால் அடித்து வைத்திருக்கிறாள். நெருப்பைத் தணித்து, சட்டியிலுள்ளதை அகப்பையால் ஒரு பக்கமாகச் சுழற்றிக்கொண்டே, அந்த முட்டையை நூல் போல ஊற்றுகிறாள். விழுந்த இடத்திலேயே அது மஞ்சள் மேகமாகத் திரண்டு நூடில்ஸோடு பின்னிக்கொள்கிறது. கடைசியில் லீக்ஸின் பச்சைத் தோகையை மெல்லியதாக அரிந்து தூவி, மூடி, இறக்குகிறாள். மரக்கறி வெந்த தண்ணீரைக் கொட்டவில்லை. அதில் கரைந்த சத்தெல்லாம் கோப்பைக்கே வருகிறது.

நான்கு பேர் வீட்டுக்கு இந்தச் சட்டியில் என்ன இருக்கிறது என்று கணக்குப் பார்க்கலாம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம், ஒரு பக்கற் நூடில்ஸில் ஏறத்தாழ 7 கிராம். மூன்று முட்டையும் இரண்டு பக்கற்றும் சேர்ந்து 32 கிராம். ஆளுக்கு 8 கிராம். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவையான புரதம் 19 கிராம் அளவில். அதில் ஐந்தில் இரண்டு பங்கு இந்த ஒரு வேளையிலேயே வந்துவிடுகிறது. கோதுமையில் இல்லாத லைசினை முட்டை நிரப்பிவிடுவதால் மாவின் புரதமும் வீணாகாமல் உடலில் சேர்கிறது. பச்சை முட்டையில்தான் பலம் என்று நம்பி அதைக் கோப்பியில் அடித்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. வெந்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு செரிக்கிறது, பச்சை முட்டையில் பாதிதான் என்று ஆய்ந்தறிந்திருக்கிறார்கள். சூப்பில் வேகும் முட்டைக்கு அந்த இழப்பும் இல்லை.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும், ஊட்டச்சத்து அட்டவணை எதிலும் அது இருக்காது. முட்டையை அவித்தோ பொரித்தோ வைத்தால், யாருக்கு எது என்ற கேள்வி எழும். மூன்று முட்டை, நான்கு பேர். வேலைக்குப் போய் வந்த ஆணுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, மிச்சத்தை மகளும் தாயும் பங்கிடுவது அல்லது தாய் தனக்குப் பசியில்லை என்று சொல்லிவிடுவது பல வீடுகளின் நடைமுறை. அடித்து ஊற்றிய முட்டையை அப்படிப் பிரிக்க முடியாது. அகப்பை எத்தனை முறை சட்டிக்குள் இறங்குகிறதோ அத்தனை முறையும் முட்டை மேலே வருகிறது. நாளெல்லாம் மலைச்சரிவில் நின்று கொழுந்து பறித்தவளின் கோப்பைக்கும் அவளுடைய பங்கு தானாக வந்து சேர்கிறது. இரத்தச்சோகையும் புரதக்குறையும் தோட்டத்தில் யாரை அதிகமாகத் தாக்குகின்றன என்று அறிந்தவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும்.

நேரத்துக்கு வருவோம். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகும் பெண் அதற்கு முன்பே எழுந்து தண்ணீர் பிடித்து, காலை உணவும் பகல் உணவும் சேர்த்துச் சமைத்து, சின்னதைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுகிறாள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும் என்பதால் இடையில் ஓய்வும் இல்லை. பின்னேரம் நிறுத்துக் கொடுத்துவிட்டு விறகும் சுமந்து இறங்கும்போது இருட்டத் தொடங்கிவிடும். புசல்லாவையின் ஏறத்தாழ 3000 அடி உயரத்தில், இறம்பொடைப் பக்கமிருந்து குளிர்காற்று இறங்கும் நேரம். பருப்பு வேக, அரிசி வேக, கீரை ஆய்ந்து கடைய ஒன்றரை மணி நேரமும் ஒரு கட்டு விறகும் வேண்டும். சூப்புக்குக் கால் மணி நேரம் போதும். பிள்ளை தூங்கிவிழுவதற்கு முன் சூடாகச் சாப்பிட்டுவிடுகிறது. இதைச் சோம்பல் என்று சொல்பவர், அந்த ஒன்றரை மணி நேரத்தை அவள் எங்கிருந்து எடுக்க வேண்டும் என்றும் சொல்லட்டும். அதுமட்டுமில்லை, நூடில்ஸ் சூப் ஆணும் வைக்கக்கூடியது, பன்னிரண்டு வயது மகனும் வைக்கக்கூடியது. சோறு கறி தெரியாது என்று ஒதுங்கும் ஆண்களுக்கு இந்தச் சட்டியின் முன்னால் ஒதுங்கக் காரணம் கிடையாது.

எதிர்வாதங்களில் வலுவானது உப்பு. அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பிள்ளைக்கு அதிலும் குறைவு. பல நூடில்ஸ் பக்கற்றுகளில் அந்த அளவின் பாதி அல்லது பாதிக்கு நெருங்கிய உப்பு இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி சின்ன உறையிலுள்ள தூளில்தான் இருக்கிறது, நூடில்ஸில் கொஞ்சம்தான். பூண்டு, இஞ்சி, மிளகு, லீக்ஸ், முட்டை எல்லாம் சேர்ந்த சட்டிக்கு இரண்டு உறைத் தூளும் தேவையில்லை, ஒன்று போதும். நான்கு பேருக்குப் பங்காகும்போது அதுவும் கால் பங்காகிவிடுகிறது. எலுமிச்சைச்சாறு சில துளி பிழிந்தால் உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியாது. இங்கே ஒரு பழக்கத்தை நான் கண்டிக்கவே செய்கிறேன். நூடில்ஸைப் பக்கற்றுக்குள்ளேயே நொறுக்கி, தூளை முழுவதும் கொட்டிக் குலுக்கி, பாடசாலைக்குப் போகும் வழியில் பச்சையாகத் தின்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது உணவே இல்லை. உப்பும் பாம் எண்ணெயும் மாவும் மட்டுந்தான். தூள் போட்ட வெறும் நூடில்ஸை மூன்று வேளையும் கொடுப்பதையும் நான் ஆதரிக்கவில்லை. சட்டியில் மரக்கறியோடும் முட்டையோடும் வெந்ததற்கும் பையில் நொறுங்கியதற்கும் ஒரே பெயரைச் சூட்டி, ஒன்றின் குற்றத்துக்கு மற்றதைத் தண்டிப்பதைத்தான் மறுக்கிறேன்.

மற்ற அச்சங்களில் பல ஆதாரமற்றவை. நூடில்ஸில் மெழுகு பூசியிருக்கிறது என்கிறார்கள். அந்தப் பளபளப்பு எண்ணெயில் பொரித்து உலர்த்துவதால் வருவது. 1958இல் ஜப்பானில் மொமொஃபுகு அண்டோ முதல் உடனடி நூடில்ஸைச் செய்ததும் அந்த முறையில்தான். தூளிலுள்ள அஜினமோட்டோ மூளையைக் கெடுக்கும் என்கிறார்கள். 1908இல் கிகுனே இக்கெடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசியிலிருந்து பிரித்தறிந்த, அஜினமோட்டோவுக்கு மூலமான குளுட்டமேற் தக்காளியில் இருக்கிறது, தாய்ப்பாலிலும் இருக்கிறது. சமையலில் சேரும் அளவில் அதனால் மூளைக்குக் கேடு என்று உலகின் உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் கண்டதில்லை. 2015இல் இந்தியாவில் மேகி நூடில்ஸுக்கு ஈயம் இருப்பதாகச் சொல்லித் தடை வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை இரத்துச் செய்து மறுபரிசோதனைக்கு உத்தரவிட்டதும், மறுபரிசோதனையில் ஈயம் வரம்புக்குள்ளேயே இருந்ததும், நவம்பரில் அது மீண்டும் விற்பனைக்கு வந்ததும் யாருக்கும் நினைவில்லை. இதனால் கம்பனிகளுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று எண்ண வேண்டாம். விளம்பரத்தில் துள்ளும் பிள்ளைகளைக் காட்டி, உப்பு நிறைந்த தூளை விற்கும் அவர்களிடம் தூளின் உப்பைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி கம்பனிக்குப் போக வேண்டியது. தோட்டத்துத் தாயிடம் கேட்டால் அவளால் என்ன செய்ய முடியும்?

நூடில்ஸ் அந்நிய உணவு என்ற இன்னொரு வாதத்தைப் புசல்லாவையில் நின்று சொல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1840களின் தொடக்கத்தில், வோர்ம்ஸ் சகோதரர்கள் சீனாவிலிருந்து தேயிலைச் செடி கொண்டுவந்து நட்டது இந்தப் புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தில்தான். வெளியிலிருந்து வந்த செடியைப் பறித்தே நம் சனம் தலைமுறை தலைமுறையாய் வாழ்கிறது. லீக்ஸும் கரட்டும் கோவாவும் வெள்ளைக்காரன் நுவரெலியாவில் வேரூன்றச் செய்தவை. சம்பலில் இடிக்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நூல் நூலாய்ப் பிழிந்த உணவு நமக்குப் புதிதா என்றால், இடியாப்பமும் சேமியாவும் எந்த வீட்டில் இல்லை? நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றிய லொறிகள் புசல்லாவை நகரத்தைத் தாண்டித்தான் கம்பளைக்கும் கண்டிக்கும் இறங்குகின்றன. வீதியோரக் கடைகளில் கரட்டும் லீக்ஸும் கட்டுக்கட்டாய்த் தொங்குகின்றன. ஊர் வழியே போகும் மரக்கறியில் ஒரு பிடி லயத்துச் சட்டிக்குள் விழ நூடில்ஸ் ஒரு சாக்காக இருக்கிறதென்றால் அதை நான் வரவேற்கிறேன். கறியாக வைத்தால் ஒதுக்கித் தள்ளும் கோவாவைப் பிள்ளை சூப்பில் ஒதுக்குவதில்லை.

சோறும் பருப்பும் கீரையும் இதைவிட நல்லதல்லவா என்று கேட்பார்கள். நல்லதுதான். ஞாயிற்றுக்கிழமையிலும் போயா நாளிலும் அதைச் சமைக்கட்டும், சமைக்கிறார்கள். வல்லாரையும் பொன்னாங்காணியும் காசில்லாமல் கிடைக்கும் மண் இது. ஆனால் வேலை நாளின் இரவில் நூடில்ஸ் சூப்புக்குப் போட்டியாக நிற்பது பருப்பும் கீரையும் இல்லை. பின்னேரத்து மிச்ச ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும்தான். உணவோடு குடிக்கும் தேநீரின் துவர்ப்பு, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. தேயிலை விளையும் ஊரில் இரத்தச்சோகைக்கு அதுவும் ஒரு காரணம். குளிருக்குச் சூடாக ஏதாவது குடிக்க வேண்டும் என்ற தேவையைச் சூப் தீர்த்துவிடுவதால், அந்த இராத் தேத்தண்ணிக்கு வேலை இல்லாமல் போகிறது. நூடில்ஸைத் தள்ளிவைக்கச் சொல்லும் எந்த அறிவுரையிலும் தேத்தண்ணியைத் தள்ளிவைக்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தச் சட்டியில் உண்மையில் எட்டாத பொருள் முட்டைதான். தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவானது, 2024 செப்டம்பரில் 1350 ரூபாவானது. முட்டை 40 ரூபா என்று வைத்துக்கொண்டால் மூன்று முட்டை 120 ரூபா. 2024இன் அந்த 1350இல் பதினொன்றில் ஒரு பங்கு, ஒரு வேளைக்கு மட்டும். 2022இல் ஒரு கிலோ கோதுமை மா 400 ரூபா வரை போனபோது ரொட்டியே பாதியானது. அடுத்த ஆண்டு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டிய நிலைக்கு நாடு வந்தபோது, லயத்துச் சட்டியிலிருந்து முதலில் மறைந்தது முட்டை. அப்போதுதான் சூப் வெறும் நூடில்ஸாகியது. வெறும் நூடில்ஸைப் பார்த்துத் தாயின் அறியாமை என்று எழுதியவர்கள், அதிலிருந்து எது போனது, ஏன் போனது என்று எழுதவில்லை. சம்பளத்தைப் பற்றிப் பேசுவது கடினம், பக்கற்றைப் பற்றிப் பேசுவது எளிது.

ஆகவே தோட்டங்களுக்கு வந்து பிள்ளைகளின் எடை பார்க்கும் குடும்ப நல உத்தியோகத்தர்களிடமும், பெற்றோர் கூட்டத்தில் பேசும் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நூடில்ஸ் கொடுக்காதே என்று தாயைக் கடிந்து அனுப்பாதீர்கள். அவள் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, குற்ற உணர்வோடு அதே நூடில்ஸைச் சமைப்பாள். வேறு வழி அவளுக்கு இல்லை. தூளைப் பாதியாக்கு, சட்டியில் முட்டை விழப் பார், கரட்டை எண்ணெயில் வதக்கு, சாப்பிட்டு ஒரு மணி நேரம் வரை தேத்தண்ணி கொடுக்காதே என்று சொல்லுங்கள். அந்த முட்டையை வாங்கச் சம்பளம் போதவில்லை என்று அவள் பதில் சொன்னால், அதையும் உங்கள் அறிக்கையில் எழுதுங்கள்.